தாத்தாவோட சீக்கோ: சிங்கப்பூர்ல வாங்குனதுன்னு சொன்னாங்க, பின்மூடி வேற கதை சொல்லுச்சு

நாலு மாசமா மேசை டிராயர்ல பிரிச்சும் பிரிக்காமலும் கெடந்த வாட்ச்ச போன ஞாயித்துக்கிழமை தான் சர்வீஸ் முடிஞ்சு கையில கட்டுனேன். ஒரு நாளைக்கு பன்னெண்டு செகண்டு வேகமா ஓடுது, அம்பது வருஷத்து வாட்ச்சுக்கு இது நல்ல கணக்குன்னு வாட்ச் ரிப்பேர் பண்ண பாய் சொல்லிட்டாரு. என்ன பண்ணேன், எங்க சொதப்பினேன், எவ்வளவு ஆச்சுன்னு மறக்கறதுக்கு முன்னாடி எழுதி வெச்சுடறேன், ஏன்னா வீட்டு பீரோவுல இந்த மாதிரி ஒண்ணு தூங்காத குடும்பமே நம்ம ஊர்ல கெடையாது.

பாட்டி போனதுக்கப்புறம் மன்னார்குடி வீட்டு பீரோவ காலி பண்ணும்போது மாமா கையில கெடச்சது இது. டயல்ல சீக்கோ, கீழ ஒரு கேடயத்துக்குள்ள 5, ஆட்டோமேட்டிக். "இந்தா மாப்ள, உனக்குத்தான் இந்த மாதிரி சாமான்லாம் புடிக்கும், சாவி குடுத்து குடுத்து பார்த்தேன், ஓடல, ஆனா தாத்தா சிங்கப்பூர்ல வாங்குனது, தொலைச்சுடாத"ன்னு குடுத்தாரு. குடும்பத்துல இந்தக் கதை எல்லாருக்கும் மனப்பாடம். தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்துல வேலை பார்த்தாரு, 1971ல பிரிட்டிஷ்காரன் மூட்டை கட்டுனப்ப இவரும் கணக்க முடிச்சுக்கிட்டு ரஜுலா கப்பல்ல நாகப்பட்டினம் வந்து எறங்குனாரு, வரும்போது ஒரு டிரங்குப் பெட்டி, ரெண்டு கம்பளி, ஒரு ரேடியோ, இந்த வாட்ச். இதுதான் கதை.

நான் செஞ்ச மொத தப்பு, மாமா செஞ்ச அதே தப்பு தான். சாவிய திருகு திருகுன்னு திருகுனேன். ஒண்ணும் நடக்கல, லூசா சுத்துச்சு, சரி ஸ்பிரிங் அறுந்து போச்சு போலன்னு நானே முடிவு பண்ணிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு தான் தெரிஞ்சுது, இந்த மாடல்ல சாவி குடுக்கற வசதியே கெடையாது! உள்ள அரைவட்டமா ஒரு எடைக்கல் மாதிரி ரோட்டர் இருக்கு, கை ஆடும்போது அது சுத்தி ஸ்பிரிங்க முறுக்கும், அவ்வளவு தான். சாவி நேரம் வைக்க மட்டும். படுக்கை வசத்துல வெச்சு ஒரு முப்பது செகண்டு தாலாட்டற மாதிரி ஆட்டுனேன், செகண்டு முள்ளு ஓட ஆரம்பிச்சுது. காதுல வெச்சு கேட்டுட்டு ராத்திரி பதினோரு மணிக்கு மாமாவுக்கு போன் பண்ணேன், அவரு தூக்கத்துல எழுந்து யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு பதறிட்டாரு.

ரெண்டாவது தப்பு உடனே வந்துச்சு. ஓடுதுங்கற சந்தோஷத்துல ஒரு வாரம் அப்படியே கட்டிக்கிட்டு திரிஞ்சேன். உள்ள எண்ணெய் காஞ்சு போயிருக்கும், காஞ்ச எண்ணெயில அழுக்கு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி ஆகி, ஓட ஓட அச்சு தேயும்னு அப்ப எனக்கு தெரியாது. போன்ல மைக்க வெச்சு டிக் டிக் சத்தத்த அளக்கற ஆப் ஒண்ணு இருக்கு, அதுல பார்த்தா டயல் மேல பார்க்க வெச்சா ஒரு நாளைக்கு 140 செகண்டு ஸ்லோ, செங்குத்தா நிறுத்துனா 200ஐ தாண்டுது. அதோட கழட்டி வெச்சேன். அடுத்தவங்களுக்கு சொல்றது இதான்: ஓடுதான்னு பார்க்க ரெண்டு நிமிஷம் ஓட்டுங்க, போதும், நிறுத்திடுங்க.

மூணாவது தப்ப தப்புன்னு முழுசா சொல்ல முடியல. கிளாஸ்ல மயிர்க்கீறல் நெறைய இருந்துச்சு, டயல் மங்கலா தெரிஞ்சுது, சரின்னு வீட்டுல இருக்கற வெள்ளை டூத்பேஸ்ட்ட பனியன் துணியில வெச்சு அஞ்சு நிமிஷம் தேய்ச்சேன். பளபளன்னு ஆயிடுச்சு, எனக்கு பெருமை தாங்கல. அப்புறம் யோசிச்சா, நிஜக் கண்ணாடி டூத்பேஸ்ட்டுக்கு மசியாதே? நகத்தால தட்டுனா மொட்டையா சத்தம், உதட்டுல வெச்சா சில்லுன்னு இல்ல. பிளாஸ்டிக். சீக்கோ இந்த மாதிரி கேஸுக்கு போட்டது ஹார்ட்லெக்ஸ்னு அவங்களே பேர் வெச்ச கடினக் கண்ணாடி. அப்ப யாரோ எப்பவோ கிளாஸ் மாத்தியிருக்காங்க. இங்க தான் மொத சந்தேகம் தட்டுச்சு, ஒரு பாகம் மாறியிருந்தா வேற என்னென்ன மாறியிருக்கும்னு.

நல்லவேளை அந்த டூத்பேஸ்ட்ட கேஸ் மேல போடல. கேஸோட மேல்பக்கம் சூரியக்கதிர் மாதிரி கோடு கோடா இழைச்சிருக்காங்க, பக்கவாட்டுல கண்ணாடி மாதிரி பாலிஷ், ரெண்டும் சேர்ற எடத்துல ஒரு கூரான விளிம்பு. அந்த விளிம்பு இருந்தா தான் விலை. பாலிஷ் போடற கடையில குடுத்தா எல்லாத்தையும் உருண்டை சோப்பு மாதிரி வழிச்சு குடுத்துடுவாங்க, அதுக்கப்புறம் எந்த சேகரிப்பாளரும் திரும்பி பார்க்க மாட்டான். பட்டை மாட்டற காது மடிப்புல இருந்த அம்பது வருஷத்து அழுக்க மட்டும் பல்லுக்குத்துற குச்சியால நோண்டி எடுத்தேன், தாத்தாவோட வேர்வையும் விபூதியும் அதுல இருந்திருக்கும், கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துச்சு.

அளவெல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டேன். சாவிய விட்டுட்டு கேஸ் 37 மில்லிமீட்டர், பட்டை மாட்டற எடம் 18, கிளாஸோட சேர்த்து உயரம் 11 சொச்சம். சாவி மூணு மணி பக்கம் இல்லாம நாலு மணி பக்கம் உள்ள அமுங்கி இருக்கும், இது சீக்கோ 5க்கே உரிய அடையாளம். 1963ல மொத சீக்கோ 5 வந்தப்ப அவங்க சொன்ன அஞ்சு குணத்துல இதுவும் ஒண்ணு, மீதி: தானா முறுக்கிக்கறது, கிழமை தேதி ரெண்டும் ஒரே ஜன்னல்ல வர்றது, தண்ணி தாங்கறது, உறுதியான கேஸும் செயினும். இந்த செயின் மட்டும் அந்த உறுதில சேராது, தொட்டா தகரம் மாதிரி சளசளன்னு, பூட்டுல சீக்கோ பேரே இல்ல, நம்ம ஊர்ல மாட்டுனது.

இப்ப பின்மூடி. சுத்தி ஆறு வெட்டு இருக்கற திருகு மூடி. எங்கிட்ட கருவி எதுவும் இல்ல, பையனோட ஜியாமெட்ரி பாக்ஸ்ல இருந்த காம்பஸ் முனைய ஒரு வெட்டுல குடுத்து தள்ளுனேன். வழுக்குச்சு. பின்மூடி மேல ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, இன்னிக்கும் இருக்கு, நான் குடும்பச் சொத்துக்கு சேர்த்த மதிப்பு அது. அப்புறம் யாரோ சொன்னாங்கன்னு ரப்பர் பந்த அழுத்தி திருகி பார்த்தேன், பந்து தான் சூடாச்சு. கடைசியா மூணு முனை வெச்ச ஓபனர் 380 ரூபாய்க்கு வாங்குனேன், பத்து மடங்கு பெருசா காட்டற கண்லென்ஸ் 220, பிளாஸ்டிக் டிஜிட்டல் காலிப்பர் 350, பட்டை ஊசி கழட்டற கம்பி 150. மொத நாளே இந்த 1,100 ரூபாய செலவு பண்ணியிருந்தா அந்த கீறல் விழுந்திருக்காது. ஓபனர்லயும் சட்டுனு வரல, வாட்ச்ச ஒரு மரக்கட்டையில பழைய துணி சுத்தி இறுக்கி, ஓபனரோட மூணு முனையையும் வெட்டுல சரியா உக்கார வெச்சு, மேலருந்து அழுத்திக்கிட்டே திருகுனப்ப தான் கடக்குன்னு விட்டுச்சு. உள்ள இருந்த ரப்பர் வளையம் தார் மாதிரி உருகி போயிருந்துச்சு, அதுவும் பல்குச்சி வேலை தான்.

தெறக்கறதுக்கு முன்னாடியே பின்மூடிய படிக்கணும், அங்க தான் ஜாதகம் இருக்கு. என்னோடதுல 6119ன்னு நாலு எண், ஒரு கோடு, அப்புறம் இன்னொரு நாலு எண். மொத நாலு உள்ள இருக்கற மெஷினோட நம்பர், அடுத்த நாலு கேஸோட நம்பர். தனியா ஆறு எண்ல சீரியல் நம்பர், 32ன்னு ஆரம்பிக்குது, மீதிய இங்க போடல. சீக்கோவுல சீரியலோட மொத எண் வருஷத்தோட கடைசி எண், ரெண்டாவது எண் மாசம். அக்டோபர் மட்டும் பூஜ்யம், நவம்பர் டிசம்பருக்கு ஆங்கில எழுத்து என், டி. ஆக என்னோடது ஏதோ ஒரு மூணாம் வருஷத்து பிப்ரவரி. 1963ஆ, 73ஆ, 83ஆன்னு சீரியல் சொல்லாது, அத மெஷின் நம்பர் தான் சொல்லணும். 6119ங்கற மெஷின் அறுபதுகளோட கடைசியில வந்து எழுபதுகளோட நடுவுல நின்னுடுச்சு. அப்ப 1973 பிப்ரவரிய தவிர வேற வழியே இல்ல. பின்மூடியில வாட்டர் ரெசிஸ்டன்ட்னு தான் இருக்கு, வாட்டர்ப்ரூஃப்னு இல்ல, எழுபதுக்கு முந்தின சீக்கோல வாட்டர்ப்ரூஃப்னு தான் போடுவாங்க, அதுவும் ஒத்துப்போகுது.

1973 பிப்ரவரி. தாத்தா வந்து எறங்குனது 1971.

மூணு தடவ படிச்சேன். லென்ஸ்ல, போன் கேமராவுல, பகல் வெளிச்சத்துல. 3 தான், 0 இல்ல, 8 இல்ல. மனைவிய கூப்பிட்டு படிக்க சொன்னேன், அவளும் 3ன்னு தான் சொன்னா, அத்தோட "தாத்தா ஒரு தடவ போயிட்டு வந்திருப்பாரு, இதுக்கு ஏன் இவ்வளவு மூஞ்சி"ன்னு கேட்டா. அவரு திரும்ப போகல, அது எல்லாருக்கும் தெரியும், வந்த காசுல ரெண்டு மா நெலம் வாங்கி அதுலயே உக்காந்துட்டாரு.

பின்மூடி மாறியிருக்கலாம்ல? அதனால டயல பார்த்தேன். ஆறு மணிக்கு கீழ, விளிம்ப ஒட்டி, வெறுங்கண்ணுக்கு கோடு மாதிரி தெரியற எழுத்து ஒண்ணு இருக்கும், ஜப்பான்னு போட்டு, மெஷின் நம்பர், இன்னொரு நம்பர், கடைசில ஒரு எழுத்து. லென்ஸ்ல பார்த்தா மயிரிழை மாதிரி சுத்தமா இருக்கு, மெஷின் நம்பர் 6119 சரி, ஆனா அடுத்த நாலு எண் பின்மூடியில இருக்கறதோட கடைசி எண்ல பொருந்தல. போச்சு, டயல் ஒரு வாட்ச், கேஸ் ஒரு வாட்ச்னு நெனச்சு ஒரு நாள் முழுக்க மூட் அவுட். அப்புறம் நெறைய ஒரிஜினல் படங்கள பக்கத்துல பக்கத்துல வெச்சு பார்த்தப்ப தான் புரிஞ்சுது, டயல் நம்பரும் கேஸ் நம்பரும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும், அச்சு அசலா ஒத்துப்போகணும்னு இல்ல, அவங்க வெச்ச முறையே அப்படி. இது யாரும் மொதல்லயே சொல்றதில்ல, எத்தன பேரு நல்ல வாட்ச்ச ஒட்டு வாட்ச்னு நெனச்சு தள்ளி விட்டிருப்பாங்களோ.

டயல் மறுபடி பெயின்ட் அடிச்சதான்னு பார்க்கறது தான் விலைக்கு முக்கியமான எடம். நம்ம நாட்டுல பழைய சீக்கோ டயல சுரண்டிட்டு ஆரஞ்சு, கிளிப்பச்சை, மயில்நீலம்னு புதுசா அடிச்சு விக்கறது தனி தொழிலாவே நடக்குது, பார்க்க அழகா இருக்கும், அம்பது வருஷத்து வாட்ச் நேத்து பொறந்த மாதிரி மின்னும், அதுவே அடையாளம். அப்படி அடிச்சதுல அந்த விளிம்பு எழுத்து இருக்காது, இருந்தாலும் மை ஊறுன மாதிரி தடிச்சு இருக்கும், நிமிஷக் கோடும் மணிக் கட்டையும் நேர்ல நிக்காது. என்னோட டயல் வெள்ளி நெறம், நாலு மணி பக்கம் ஈரம் பட்டு பழுப்பு புள்ளிங்க, பார்க்க சுமார் தான், ஆனா ஆறுக்கு மேல சீக்கோவோட சுவா தொழிற்சாலை போடற சின்ன முத்திரை கூட தெளிவா இருக்கு. புள்ளி விழுந்த ஒரிஜினல், மின்னற பெயின்ட்ட விட ஒசத்தி. இது புரியாம மொத வாரமே "டயல் மாத்தி குடுங்க"ன்னு எங்கயாவது குடுத்திருந்தா கதை முடிஞ்சிருக்கும்.

கைமுள்ளு ரெண்டும் சரி. செகண்டு முள்ளு தான் தப்பு, நிமிஷக் கோட்ட எட்டாம குட்டையா நிக்குது, நெறமும் வேற, எந்த வாட்ச்ல இருந்து வந்துச்சோ.

மூடிய தெறந்தா உட்பக்கம் ஊசியால கீறுன எழுத்துங்க. வாட்ச் ரிப்பேர் பண்றவங்க வேலை முடிச்சா தேதியும் தன்னோட குறியும் உள்ள கீறி வைப்பாங்க. மூணு இருக்கு: 8.81னு ஒண்ணு, 3.90னு ஒண்ணு, மூணாவது வெறும் ஒரு எழுத்தும் சுழியும். 81 ஆகஸ்ட்டுல தாத்தா இத கழட்டி ஒருத்தர் கையில குடுத்துட்டு கடை வாசல்ல நின்னிருக்காருன்னு நெனச்சப்ப, விலை பார்க்கற ஆசையெல்லாம் ஒரு நிமிஷம் நின்னு போச்சு. மெஷின் மேல 6119சி, 21 ஜுவல்ஸ்னு பொறிச்சிருக்கு. இந்த 21 ஜுவல்ஸ்ங்கறது எங்க குடும்பத்துல பெரிய கலவரத்த கெளப்புச்சு, ஏன்னா சித்தப்பா ஒருத்தர் "இருவத்தோரு மாணிக்கம் உள்ள இருக்குல்ல, அத மட்டும் கழட்டி நகைக்கடையில குடுத்தாலே"ன்னு ஆரம்பிச்சாரு. மாணிக்கம் தான், ஆனா தொழிற்சாலையில செஞ்ச மாணிக்கம், அச்சு தேயாம இருக்க வைக்கற கடுகு சைஸ் கல்லு, நகைக்கடைக்காரன் சிரிப்பான்.

கிழமை விஷயம் அடுத்தது. இந்த மெஷின்ல சாவிய லேசா அமுக்குனா தேதி மாறும், முழுசா அமுக்குனா கிழமை மாறும். (ராத்திரி ஒம்போதுல இருந்து விடியக்காலம் மூணு வரைக்கும் இத செய்யாதீங்க, அந்த நேரத்துல பல்சக்கரம் தானா மாத்தற வேலையில இருக்கும், நடுவுல அமுக்குனா பல்லு உடையும்.) நான் மதியம் அமுக்குனேன், சண்டேன்னு வந்துச்சு, இன்னொரு அமுக்கு, ஏதோ வளைவு வளைவா எழுத்து. அரபி. சீக்கோ ஒவ்வொரு சந்தைக்கும் ரெண்டு மொழி போட்டு கிழமைத் தட்டு வைப்பாங்க, ஆங்கிலத்தோட ஸ்பானிஷ், ஆங்கிலத்தோட சீனம், ஜப்பானுக்குள்ள விக்கறதுக்கு ஜப்பான் எழுத்து. அரபி இருந்தா அது வளைகுடா பக்கம் போக வேண்டிய சரக்கு. சிங்கப்பூர்ல வாங்குனா பெரும்பாலும் சீனம் இருந்திருக்கணும். ஆனா இதுலயும் ஒரு ஓட்டை, 81லயோ 90லயோ ரிப்பேர் பண்ணவரு வேற மெஷின்ல இருந்து தட்டு எடுத்து போட்டிருந்தா? அதனால இத சாட்சியா மட்டும் வெச்சுக்கிட்டேன், தீர்ப்பா எடுத்துக்கல. பழைய வாட்ச்ல எத்தன வயசுன்னு ஒரே கேள்வியா கேக்கக்கூடாது, பாகம் பாகமா தனித்தனியா கேக்கணும், எங்கூட்டு வாட்ச்ல கேஸும் டயலும் மெஷினும் ஒரு வயசு, கிளாஸ் ஒரு வயசு, செகண்டு முள்ளு ஒரு வயசு, செயின் இன்னொரு வயசு.

சர்வீஸுக்கு திருச்சி பெரிய கடை வீதி பக்கம் ஒரு மாடிப்படிக்கு கீழ கடை வெச்சிருக்கற பாய்கிட்ட போனேன். எழுவது வயசு இருக்கும், ஒரு மேசை, ஒரு லைட்டு, கண்ணுல லென்ஸ், தொங்கற மாத்திரை டப்பாக்கள்ல நூறு வாட்ச்சோட உறுப்புங்க. காதுல கூட வைக்கல, சும்மா கையில ஆட்டி ரோட்டர் சத்தத்த கேட்டுட்டு "தம்பி, இது ஓடல, இழுத்துட்டு போகுது"ன்னாரு. மொத்தமா பிரிச்சு, வெள்ளை பெட்ரோல்ல கழுவி, எண்ணெய் போட்டு சேர்க்க 1,400. கண்ணாடி, சீக்கோ அளவுக்கு வெட்டுன நிஜக் கண்ணாடி, 300. ரப்பர் வளையம் 50. செகண்டு முள்ளுக்கு மட்டும் மூணு வாரம் காத்திருந்தேன், டப்பா டப்பாவா தேடி, செத்துப்போன இன்னொரு 6119ல இருந்து எடுத்து போட்டாரு, 200. "கேஸுக்கு பாலிஷ் போடவா"ன்னு கேட்டாரு, வேண்டாம்னேன், "அப்ப நீங்க விவரம்"னு சிரிச்சாரு, பின்மூடி கீறல தடவிப் பார்த்துட்டு "இது யாரு செஞ்சது?"ன்னு கேட்டாரு, முன்னாடி ரிப்பேர் பண்ணவன்னு சொல்லிட்டேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்னு நெனச்சாரோ என்னமோ, நம்பல. அரபித் தட்ட பத்தி கேட்டதுக்கு, இது பொறக்கும்போதே வந்த மாதிரி தான் இருக்கு, மாத்துனா தட்ட புடிச்சிருக்கற கிளிப்புல தடம் தெரியும், இதுல இல்லன்னாரு. பட்டை மட்டும் வெளிய வாங்குனேன், தோல் பட்டை 450.

இப்ப விலை. இங்க நான் பண்ண கூத்த சொல்லியே ஆகணும். மெஷின் நம்பர் கெடச்ச அன்னிக்கே இணையத்துல தேடுனேன், இதே மாதிரி ஒண்ணு 38,000 ரூபாய்னு போட்டிருந்தான், அரிய பொருள், முதலீடுன்னெல்லாம் எழுதி. நான் யோசிக்காம மாமாவுக்கு படத்த அனுப்பிட்டேன். மாமா குடும்ப குரூப்ல போட்டுட்டாரு. அன்னிக்கு சாயந்தரமே சித்தி போன் பண்ணி "எல்லாருக்கும் தானப்பா தாத்தா"ன்னாங்க. நாலு பாகம் போட்டா ஆளுக்கு எவ்வளவுன்னு ஒருத்தர் கணக்கே போட்டுட்டாரு. கேக்கற விலை ஒண்ணு, வித்த விலை ஒண்ணு. 38,000னு போட்டவன் போன வருஷமும் அதே விலையில அதே படத்த போட்டிருந்தான், யாரும் வாங்கல, அவன் ஆசைய எழுதி வெச்சிருக்கான், அவ்வளவு தான்.

அப்புறம் தான் ஒழுங்கா உக்காந்தேன். விற்பனை முடிஞ்சதுன்னு காட்டற பதிவுகள மட்டும் எடுத்தேன், அதுலயும் 6119 மட்டும், அதுலயும் பெயின்ட் டயல் எல்லாத்தையும் தள்ளுனேன், தள்ளுனா கைக்கு மிஞ்சுனது பத்து கூட இல்ல. ஒரு பழைய சாமான் கடைக்காரர்கிட்ட நேர்லயும் காட்டுனேன், சர்வீஸுக்கு முன்னாடி, 1,200 தர்றேன்னாரு, எடைக்கு வாங்கற மொகத்தோட. சர்வீஸுக்கு அப்புறம் நண்பன் மூலமா சேகரிக்கற ஒருத்தர்கிட்ட காட்டுனேன், அவரு டயல லென்ஸ்ல பார்த்து, விளிம்ப நகத்தால தடவி, மூடிய கழட்டி பார்த்துட்டு 4,000 வரைக்கும் போகும், ஒரிஜினல் செயின் இருந்திருந்தா இன்னும் ஆயிரம்னாரு. வெள்ளி டயல் தான் இந்த மாடல்ல அதிகம் செஞ்சது, அதனால அரிதுங்கற பேச்சுக்கே எடமில்ல. என் செலவு: கருவி 1,100, பாய் 1,950, பட்டை 450, கூட்டுனா 3,500. வாட்ச்சோட விலையும் வைத்தியச் செலவும் கிட்டத்தட்ட ஒண்ணு. குரூப்ல இந்தக் கணக்க போட்டேன், அப்புறம் பாகப்பிரிவினை பேச்சு வரல.

அடுத்த தடவ இப்படி ஒண்ணு கையில வந்தா மொதல்ல எதையும் துடைக்காம நாலு பக்கமும் படம் எடுப்பேன், அப்புறம் பின்மூடி எண்ண எழுதுவேன், அப்புறம் டயல் விளிம்பு, கடைசியா தான் ஆட்டிப் பார்ப்பேன். முள்ளுலயும் டயல்லயும் இருக்கற பச்சை பூச்ச சுரண்டவே கூடாது, நாம எல்லாத்தையும் ரேடியம்னு சொல்றோம்ல, அறுபதுகள் வரைக்கும் வந்த வாட்ச்சா இருந்தா அது நெசமாவே ரேடியமா இருக்கலாம், தூசியா மூக்குல போச்சுன்னா வம்பு. அப்புறம் விலை தெரியற வரைக்கும் குரூப்ல படம் போட மாட்டேன்.

1973 விஷயம் மட்டும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. போன வாரம் தஞ்சாவூர்ல பெரியம்மாவ பார்க்க போனப்ப வாட்ச்ச கட்டிக்கிட்டு போனேன். கையப் புடிச்சு திருப்பிப் பார்த்துட்டு, அப்பா வாட்ச்னு கண்ணு கலங்குனாங்க. நான் மெதுவா, பெரியம்மா இது தாத்தா சிங்கப்பூர்லருந்து கொண்டாந்தது தானேன்னு கேட்டேன். "அது எப்படிடா இதுவாகும்? அத என் கல்யாணத்துல உங்க பெரியப்பாவுக்குல்ல போட்டாரு" அப்படின்னாங்க, ஏதோ இது ஊருக்கே தெரிஞ்ச விஷயம் மாதிரி. கல்யாணம் 73 ஆவணி. மாப்பிள்ளைக்கு மோதிரம், செயின், வாட்ச்னு பேசியிருக்காங்க, மோதிரமும் செயினும் செஞ்சதுலயே கை கடிச்சுப் போச்சு, வாட்ச்சுக்கு தன் கையில இருந்தத கழட்டி போட்டுட்டாரு. சிங்கப்பூர் வாட்ச்னு மாப்பிள்ளை வீட்டுலயும் பெருமை. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் வெறுங்கை, அறுவடை முடிஞ்சு மெட்ராஸ் போனப்ப பர்மா பஜார்ல இதே மாதிரி ஒண்ணு வேணும்னு கேட்டு வாங்கிட்டு வந்தாராம். "பாட்டி கூட ஒரே மாதிரி தான் இருக்குன்னு சொல்லுச்சு, அதனால யாரும் கேக்கல."

பிப்ரவரி 73ல செஞ்சது, ஆவணில கை காலி, அரபித் தட்டு, பர்மா பஜார். வெளிநாட்டு வாட்ச்ச கடையில வெச்சு விக்க முடியாத காலம் அது, வளைகுடா சரக்கு கள்ளத்தோணியில வந்து எறங்கி அந்த பீச் ரோட்டு கடைங்கள்ல தான் கெடைக்கும். எல்லா எண்ணும் போய் அது அது எடத்துல உக்காந்துச்சு.

அப்ப அந்த மொத வாட்ச்? பெரியப்பா போயி ஆறு வருஷம் ஆச்சு. அண்ணன்கிட்ட கேட்டேன், இருக்கு, சாமி ரூம் பீரோவுல, ஓடலன்னாரு. நேத்து ராத்திரி வாட்ஸ்அப்ல பின்மூடி படம் அனுப்பியிருக்காரு, ஆட்டம், இருட்டு, வெரல் பாதிய மறைக்குது. சீரியல் நம்பர் ஏழு எண் மாதிரி தெரியுது, எழுபதுக்கு முன்னாடி ஏழு எண் தான் போடுவாங்க, அதுக்கு மேல ஒண்ணும் படிக்க முடியல. அழுக்கா இருக்கு, பிரஷ்ல கொஞ்சம் பேஸ்ட் போட்டு தேய்ச்சுட்டு இன்னொரு படம் அனுப்பவான்னு கேட்டாரு. அண்ணே கையவே வைக்காதீங்க, சனிக்கிழமை நானே ஓபனரோட வர்றேன்னு சொல்லியிருக்கேன்.